கலிங்கு இல்லாத ஏரி

இயற்கையை வெல்ல வேண்டும் என்ற விருப்பம் மனிதனுக்குப் புதிதன்று. காட்டைத் திருத்திக் கழனியாக்கியதும், ஆற்றின் குறுக்கே அணை எழுப்பியதும், இருளை விளக்கால் விலக்கியதும் அந்த விருப்பத்தின் செயல்களே. அவற்றால் பசி குறைந்தது, நோய் குறைந்தது, ஆயுள் நீண்டது. வேதாந்தம் இவற்றைப் பழிப்பதில்லை. ஆயினும், இந்த வெற்றிக்கு ஒரு நிழலும் உண்டு. எந்த ஆற்றலால் மனிதன் தன் குறையைத் தீர்த்துக்கொண்டானோ, அதே ஆற்றல் அளவு கடக்கும்போது புதியதொரு குறையாக அவன் வாசலிலேயே வந்து நிற்கிறது. அது ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய ஆராய்ச்சி வெறும் கருத்தளவில் நின்றால் பயன் குறைவு. ஆகவே ஓர் ஊரையும், அந்த ஊர் தண்ணீருடன் நடத்திய நீண்ட வாழ்க்கையையும் எடுத்துக்கொண்டு சிந்திப்பது நல்லது. அதற்குப் பெங்களூரு மிகப் பொருத்தமான ஊர்.

பாகனும் வேடனும்

'அடக்குதல்' என்ற சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். யானையைப் பாகனும் அடக்குகிறான், வேடனும் அடக்குகிறான். வேடன் குழி வெட்டி யானையை வீழ்த்துகிறான். அவனுக்கு யானையின் தந்தம் வேண்டும், யானை வேண்டாம். பாகனோ யானையின் பசியை அறிவான்; உறக்கத்தை அறிவான்; அதன் கண்ணில் தெரியும் சிறு மாற்றத்தையும் அறிவான். மதம் பிடிக்கும் காலத்தில் அவன் தானாகவே விலகி நிற்பான். அந்த விலகலை யாரும் அவனுடைய தோல்வி என்று சொல்வதில்லை. யானையின் இயல்புக்கு எங்கே இடம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதால்தான் அவன் பாகன்.

இயற்கையை ஆள்வதிலும் இந்த இரு வழிகள் உண்டு. நவீன அறிவியலின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படும் பிரான்சிஸ் பேக்கன், இயற்கையை மனிதன் தன் வசப்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தியவர். அவரும் 1620-இல் வெளியிட்ட தம் நூலில், இயற்கையின் விதிகளுக்குப் பணிவதை அதற்கு நிபந்தனையாக வைத்தார். பின்வந்தவர்கள் ஆளும் ஆசையை எடுத்துக்கொண்டனர், நிபந்தனையை மறந்தனர்.

மேட்டின் மேல் ஓர் ஊர்

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டு நிலத்தின் மேல் அமைந்துள்ளது. வற்றாத பேராறு எதுவும் அதன் அருகே ஓடவில்லை. மேட்டின் மேற்கே பெய்யும் மழை விருஷபாவதி, அர்க்காவதி ஆகியவற்றின் வழியாகக் காவிரியைச் சென்றடைகிறது. கிழக்கே பெய்யும் மழை தட்சிண பினாகினியில் சேர்கிறது. தமிழ்நாட்டில் தென்பெண்ணை என்று வழங்கப்படுவது அந்த ஆறே. இவ்வாறு நான்கு புறமும் நீர் வடிந்தோடும் ஓரிடத்தில் மக்கள் நிலைத்து வாழ வேண்டுமானால், வானம் தருவதைத் தேக்கி வைக்கக் கற்க வேண்டும்.

முன்னோர் அதனைக் கற்றனர். 1537-ஆம் ஆண்டளவில் கெம்பேகவுடர் கோட்டையும் பேட்டையும் அமைத்தபோது ஏரிகளும் அமைந்தன. தர்மாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி முதலியவை அக்காலத்துடன் இணைத்துப் பேசப்படுபவை. அவருக்கு முன்னும் பின்னும் பலர் வெட்டிய ஏரிகள் சுற்றுப்புறமெங்கும் இருந்தன. இந்த ஏரிகள் தாமாகத் தோன்றியவை அல்ல. பள்ளத்தாக்கின் குறுக்கே மண்கரை எழுப்பி, ஓடும் நீரை மனிதன் நிறுத்தியதால் உண்டானவை. ஆகவே ஏரியும் இயற்கையை அடக்கும் முயற்சியே. இதனை மறந்து, பழங்காலத்தவர் இயற்கையைத் தொடவே இல்லை என்று எண்ணுவது பிழை.

எனில், அவர்கள் அடக்கிய முறைக்கும் பின்னர் வந்த முறைக்கும் வேறுபாடு எங்கே உள்ளது? ஏரிக்கரையின் ஓர் ஓரத்தில் அதற்கு விடை இருக்கிறது.

கலிங்கு கூறும் பொருள்

ஏரிக்கு மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை. நீரைத் தாங்குவது கரை. வயலுக்குத் தேவையான அளவு நீரை விடுவது மதகு. மூன்றாவது கலிங்கு. கரையின் ஒரு பகுதியை மட்டும் சற்றுத் தாழ்த்திக் கல்லால் கட்டியிருப்பார்கள். நீர் அந்த அளவுக்கு உயர்ந்ததும் அங்கிருந்து தானாகவே வழிந்து வெளியேறும். கன்னடத்தில் இதனைக் 'கோடி' என்பர். வழிந்த நீர் கால்வாய் வழியாக அடுத்த ஊரின் ஏரியை அடையும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குச் செல்லும். இந்தக் கால்வாய்களே பெங்களூரில் ராஜகாலுவெ எனப்படுபவை. மதகைத் திறந்து மூடி நீரைப் பங்கிடுவதற்கு ஊர்தோறும் 'நீர்கண்டி' என்ற பணியாளர் இருந்தார். தமிழ்நாட்டு ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி செய்த வேலையும் அதுவே.

கலிங்கு இல்லாத ஏரி முதல் பெருமழையிலேயே உடையும். அதிக நீரை வைத்துக்கொள்ள விரும்பியவன் உள்ள நீரையும் இழப்பான். கீழே உள்ள ஊரையும் அழிப்பான். ஆகவே ஏரியைக் கட்டியவன் கட்டும்போதே தன் ஆசைக்கு ஓர் அளவைக் கல்லில் குறித்து வைத்தான். இதுவரை எனக்கு, இதற்கு மேல் வருவது அடுத்தவனுக்கு. இதனை அவன் தர்மோபதேசமாக எழுதி வைக்கவில்லை. கட்டுமானமாகவே செய்து வைத்தான்.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் ஒரு சக்கரத்தைப் பற்றிக் கூறுகிறார். உயிர்கள் உணவையும், உணவு மழையையும், மழை வேள்வியையும் சார்ந்து சுழல்வது அச்சக்கரம். பெற்றதில் ஒரு பகுதியைத் திருப்பித் தராமல் தனக்கென்றே வைத்துக்கொள்பவனை அங்கு அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். வேள்வி என்றால் தீயில் நெய் சொரிவது மட்டும்தானா என்று கேட்பவருக்குக் கலிங்கையே காட்டலாம். பெற்றதைப் பயன்படுத்தி, எஞ்சியதைத் தூய்மையாக அடுத்தவருக்கு அனுப்பி வைப்பது வேள்வி அல்லாமல் வேறென்ன?

குழாய் வந்தது, ஏரி போனது

இந்த அமைப்பு ஒரே நாளில் அழியவில்லை. தீய எண்ணத்தாலும் அழியவில்லை. 1890-களில் அர்க்காவதியின் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் வழியாக நகருக்கு நீர் கொண்டுவரும் பணி மேற்கொள்ளப்பட்டது. பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் கண்டிருந்த அக்கால மக்களுக்கு அது பெரும் வரமாகவே தோன்றியிருக்கும். 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும் வந்தது. ஆனால் குழாயில் நீர் வரத் தொடங்கியதும், ஏரியைத் தூர்வார வேண்டும் என்ற கவலை குறைந்தது. கவலை குறைந்ததும் உறவு அறுந்தது. நேற்றுவரை ஊரின் உயிராக இருந்த நீர்நிலை, இன்று கொசு வளரும் பள்ளமாகவும் வீணாகக் கிடக்கும் நிலமாகவும் தோன்றியது. மலேரியாவை ஒழிப்பதற்காகச் சில ஏரிகளின் கரைகளை வேண்டுமென்றே உடைத்ததும் உண்டு.

தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில்தான் இன்று கெம்பேகவுடா பேருந்து நிலையம் உள்ளது. சம்பங்கி ஏரியின் படுகையில் கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது. புகழ்பெற்ற கரக விழாவின் சடங்குகளுக்கும் சம்பங்கி ஏரிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அந்தச் சடங்குக்கென்று ஒரு சிறு குளம் மட்டும் அங்கே எஞ்சியுள்ளது. விழா நின்றுவிடவில்லை, ஏரிதான் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட்டது. நீரைப் போற்றும் சடங்கைப் பாதுகாத்துக்கொண்டு, நீரைக் கைவிடுவதும் மனித மனத்திற்கு இயலும் என்பதற்கு இது சான்று. 1970-களுக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் நகரின் நீர்ப்பரப்பு நான்கில் மூன்று பங்குக்கும் மேல் மறைந்துவிட்டதாக, இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணித்துள்ளனர்.

ஏரி மறைந்தாலும் அது இருந்த பள்ளம் மறைவதில்லை. 2022 செப்டம்பரில் பெய்த பெருமழையில் நகரின் கிழக்கே வெளிவட்டச் சாலையும் அதனைச் சார்ந்த குடியிருப்புகளும் நீரில் மூழ்கின. உயர்ந்த ஊதியம் பெறும் மென்பொருள் பொறியாளர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் சென்றனர். விலை மதிப்புள்ள மாளிகைகளிலிருந்து மக்கள் படகில் மீட்கப்பட்டனர். மழைநீர் புதிய வழி எதனையும் தேடவில்லை. தனக்குரிய பழைய வழியிலேயே வந்தது. அந்த வழியில் வீடுகள் நின்றிருந்தன. விதி என்பதும் கர்மபலன் என்பதும் எங்கோ வானத்தில் எழுதப்படுபவை என்று எண்ணுவோர், அடைக்கப்பட்ட கால்வாய் ஒன்றின் அருகே மழை நாளில் நின்று பார்க்கலாம்.

நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து

அருகிலிருந்த நீரை இழந்த நகரம் தொலைவில் உள்ள நீரை நாடியது. 1974-இல் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் முதற்கட்டம் நிறைவேறியது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு நீர் ஏற்றப்படுகிறது. ஓர் ஆற்றையே மலை ஏற்றுவதற்கு ஒப்பான இச்செயல் பொறியியலின் அரிய சாதனை என்பதில் ஐயமில்லை. இதில் ஈடுபட்டோரின் அறிவும் உழைப்பும் போற்றத்தக்கவை.

ஆயினும், சாதனையால் தேவை அடங்கவில்லை. நாள்தோறும் சுமார் 145 கோடி லிட்டர் காவிரி நீர் வந்துகொண்டிருந்த காலத்திலேயே 2024-இன் கோடை வந்தது. அரசுப் பொறுப்பில் இருந்த சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழ 6,900 வறண்டுவிட்டதாக அரசே அறிவித்தது. குடிநீரைக் கொண்டு வாகனம் கழுவினாலும் தோட்டத்திற்குப் பாய்ச்சினாலும் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் ஆணையிட்டது. வசதி உள்ளவர் லாரித் தண்ணீரை அதிக விலை கொடுத்து வாங்கினர்; வசதி இல்லாதவர் குடத்துடன் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு அக்டோபரில் காவிரியின் ஐந்தாம் கட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. 2007-இல் நகருடன் இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்காக மேலும் 77.5 கோடி லிட்டர் நீரைத் தருவதற்கு அது திட்டமிடப்பட்டது. அக்கிராம மக்களின் தாகம் உண்மையானது. அது தணிய வேண்டியதே. ஆனால் ஆறாம் கட்டம், ஏழாம் கட்டம் என்று இது எதுவரை செல்லும் என்ற கேள்வியும் உண்மையானது. ஆண்டுக்குச் சராசரி 900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும் ஊர் அது.

நுரையும் நெருப்பும்

மேலே ஏற்றிய நீர் பயன்பட்டபின் எங்கே செல்கிறது என்பதைப் பார்க்கும்போதுதான் இந்த வெற்றியின் இருண்ட பக்கம் முழுமையாகப் புலப்படும்.

நகரின் கழிவுநீரில் பெரும் பங்கு கிழக்கே உள்ள பெள்ளந்தூர் ஏரியை அடைகிறது. சுமார் 900 ஏக்கர் பரப்புடைய அந்த ஏரியில் 2015-இல் எழுந்த வெண்ணுரை காற்றில் பறந்து சாலையில் விழுந்தது. அந்த நுரை தீப்பற்றவும் செய்தது. 2017 பிப்ரவரியில் மீண்டும் அங்கே தீ எழுந்தது. 2018 ஜனவரியில் மூண்ட தீயை அணைப்பதற்கு ஆயிரக்கணக்கான இராணுவ வீரர்கள் பாடுபட நேர்ந்தது. மக்கும் கழிவிலிருந்து எழும் மீத்தேன், நீரில் மிதக்கும் எண்ணெய்க் கசடு, கரையோரம் எரிக்கப்பட்ட குப்பை, காய்ந்த புல் ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. நெருப்பை அணைக்கும் நீரே நெருப்புக்கு இருப்பிடம் ஆனது. அதே 2018-இன் டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

நுரை எப்படி உண்டாகிறது? சலவைத்தூளிலும் பாத்திரம் துலக்கும் திரவங்களிலும் அழுக்கை நீக்கும் வேதிப்பொருள்கள் உள்ளன. சுத்திகரிக்கப்படாத கழிவுநீருடன் அவை ஏரியை அடைந்து, அடியில் உள்ள சேற்றில் படிந்து சேர்கின்றன. பெருமழை அந்தச் சேற்றைக் கலக்கும்போது, கலிங்கில் விழும் நீர் காற்றுடன் கலந்து மலைபோல் நுரைக்கிறது. ஆகவே அந்த நுரைக்குத் தொழிற்சாலையை மட்டும் குறை கூறிவிட்டு அமைதி அடைய முடியாது. ஒவ்வொரு வீட்டின் வெள்ளை ஆடையும் அதில் பங்கு பெற்றிருக்கிறது. துணி தூய்மையாயிற்று, அழுக்கு அழியவில்லை, இடம் மாறியது.

பெள்ளந்தூரிலிருந்து வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தட்சிண பினாகினிக்கும் இந்நீர் செல்கிறது. பிறகு எல்லை கடந்து ஓசூர் அருகே உள்ள கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கும் பலமுறை நுரை பொங்கியதுண்டு. அந்த நீரை நம்பிப் பயிரிடுபவர் பெங்களூரின் வசதிகள் எதனையும் அனுபவித்தவர் அல்லர். முற்காலத்தில் கலிங்கின் வழியே அடுத்த ஊருக்குச் சென்றது உபரி நீர். இக்காலத்தில் செல்வது கழிவு. கொடை சென்ற அதே பாதையில் கடன் செல்கிறது. நந்தியின் திருவடியில் தோன்றுவதாக பக்தர்கள் போற்றும் விருஷபாவதியும் நகரின் மேற்கே இதே நிலையில்தான் ஓடுகிறது.

ஓர் ஆட்சேபம்

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். 'சில லட்சம் பேர் வாழ்ந்த காலத்து ஏரிகளைக் கொண்டு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் நகரை எப்படிக் காப்பது? அறிவியலால் உண்டான குறைகளை மேலும் அறிவியலே தீர்க்கும். ஆன்மிகத்திற்கு இதில் என்ன வேலை?'

இந்த ஆட்சேபத்தின் முதற்பகுதி உண்மையே. பழைய ஏரிகள் மட்டும் போதா. குழாயும் வேண்டும், சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும். இரண்டாம் பகுதியும் பாதி உண்மை. கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் நுட்பம் இன்று கிடைக்காத ஒன்றன்று. மழைநீரைச் சேமிக்கும் முறையும் பள்ளிச் சிறுவர் அறிந்ததே. அறிவு இருந்தும் ஏரி எரிந்தது என்றால், குறை அறிவில் இல்லை. அறிந்ததைச் செய்யவிடாமல் தடுத்த ஏதோ ஒன்றில் இருக்கிறது. கால்வாயின் மேல் வீடு கட்டுவது தவறென்று கட்டியவருக்கும் தெரியும். விற்றவருக்கும், வாங்கியவருக்கும் தெரியும். தெரிந்தும் செய்ய வைத்ததற்கு சாஸ்திரம் வைத்துள்ள பெயர் லோபம். அதனை நீக்குவதற்கு எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் இல்லை. ஆன்மிகத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கீதையின் பதினாறாம் அத்தியாயம் அசுர இயல்பை விவரிக்கும்போது கொம்பும் பல்லும் உடைய உருவத்தைக் காட்டவில்லை. இன்று இதனை அடைந்தேன், நாளை அதனையும் அடைவேன், எல்லாவற்றுக்கும் நானே தலைவன் என்று கணக்கிடும் மனத்தையே காட்டுகிறது. அந்த மனம் வேறெங்கோ இருப்பதன்று.

அகத்தின் கலிங்கு

மனிதனுள் உறையும் தெய்விகத்தை வெளிப்படுத்துவதற்குப் புற இயற்கை, அக இயற்கை ஆகிய இரண்டையும் வசப்படுத்த வேண்டும் என்பது சுவாமி விவேகானந்தர் தமது 'ராஜயோகம்' நூலில் வைத்த கருத்து. அவர் புற வெற்றியை இகழவில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்தே கூறினார். கடந்த நூற்றாண்டு முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆற்றை 500 மீட்டர் உயர்த்தக் கற்ற மனிதன், தன் விருப்பத்தை ஓர் அங்குலம் தாழ்த்தக் கற்கவில்லை. வேடனின் ஆற்றல் வளர்ந்தது. பாகனின் அறிவு வளரவில்லை.

விருப்பத்தை முற்றிலும் வற்றச் செய்ய வேண்டும் என்று இல்லறத்தாருக்கு யாரும் கூறவில்லை. வற்றிய ஏரியால் யாருக்கும் பயன் இல்லை. ஆசைக்கு ஒரு கலிங்கு வேண்டும் என்பதே அறிவுரை. ஈசாவாஸ்ய உபநிஷதம் அனுபவிப்பதையும் துறப்பதையும் ஒரே மூச்சில் பேசுவதன் பொருளும் இதுவே. 'போதும்' என்ற அளவு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வெள்ளம் வந்தபின் கலிங்கு கட்ட முடியாது.

இது நடைமுறைக்கு ஒவ்வாத பேச்சன்று என்பதற்குப் பெங்களூரிலேயே சான்றுகள் உண்டு. கைகொண்டரஹள்ளி ஏரியை அப்பகுதி மக்களும் மாநகராட்சியும் இணைந்து மீட்டனர். ஜக்கூர் ஏரிக்கு வரும் கழிவுநீர் முதலில் சுத்திகரிக்கப்பட்டு, பிறகு நாணலும் கோரையும் வளர்ந்த சதுப்பு நிலத்தின் வழியாகச் சென்று ஏரியை அடையும்படி அமைக்கப்பட்டது. இயந்திரம் தொடங்கிய வேலையை வேர்கள் முடித்து வைக்கின்றன. 2018 முதல் சுத்திகரிக்கப்பட்ட நீர் வறண்ட கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கும் அனுப்பப்படுகிறது. அந்த நீரின் தூய்மை போதுமா என்ற விவாதம் எழுந்தது. அது எழ வேண்டியதே. அனுப்புவது கொடையா, கழிவா என்று ஒவ்வொரு நாளும் சோதித்துக்கொள்வதும் தர்மத்தின் பகுதியே.

சாதகன் தன் வீட்டுக் குழாயிலிருந்தே இதனைத் தொடங்கலாம். நீராடும்போது கங்கையையும் காவிரியையும் நினைத்து வணங்குவது நம் மரபு. அந்த நினைவுடன் இன்னொரு நினைவையும் சேர்த்துக்கொள்ளலாம்: இந்த நீர் யாருடைய ஊரிலிருந்து வந்தது, இங்கிருந்து யாருடைய ஊருக்குச் செல்லும்? இந்த இரண்டு வினாக்களுக்கும் விடை அறிந்தவனின் கை, குழாயைத் திறந்த அளவில் விட்டுச் செல்லாது.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

1. பாகனின் ஆளுகைக்கும் வேடனின் ஆளுகைக்கும் உள்ள வேறுபாட்டை வேறொரு எடுத்துக்காட்டால் விளக்குக.

2. கலிங்கின் அமைப்பு கீதை கூறும் வேள்விச் சக்கரத்துடன் எவ்வகையில் ஒத்துள்ளது?

3. வசதி வந்ததும் உறவு அறுந்தது என்பது ஏரிக்கு மட்டும்தான் பொருந்துமா?

4. உங்கள் ஊரில் ஏரியோ குளமோ இருந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது? அதன் உபரி நீர் முன்பு எந்த ஊருக்குச் சென்றது? முதியோரிடம் கேட்டறிந்து அடுத்த கூட்டத்தில் பகிர்ந்துகொள்க.

5. உணவு, உடை, மின்சாரம், தண்ணீர் ஆகிய நான்கில் ஒன்றைத் தேர்ந்து, 'இதுவரை எனக்கு' என்ற அளவை ஒரு மாத காலத்திற்குக் குறித்துக்கொண்டு கடைப்பிடிக்க முயல்க.